ஒட்டுப்பால், பி பக்கம்

புகைப்புரையைப் பொளிக்கும்போது கிடைத்தது.
மேல்தட்டு மூங்கிலுக்கும் தகரத்துக்கும் நடுவே
ரப்பர் சீட்டில் சுருட்டி வைத்த கேசட்.
சீட்டு கரியாகியிருந்தது, கேசட் இல்லை.
மேலே எழுதியிருந்தது: ஞாயிறு பள்ளி, பாடம் 3.
கையெழுத்து என்னுடையது.
எங்கள் வீட்டில் பொய் சொல்ல
அதைவிடப் பத்திரமான தலைப்பு கிடையாது.

புகைப்புரையில் வாசித்ததற்குக் காரணம்
தொங்கும் சீட்டுகள் சத்தத்தைக் குடிக்கும் என்பதுதான்.
ரோட்டில் போகும் உபதேசியாருக்கு
எங்கோ மில் ஓடுவதுபோல் இருக்கும், அவ்வளவே.
கிட்டார் ஆற்றூர் சபையின் சொத்து,
திங்கள் முதல் வெள்ளிவரை கிளாட்சனுடையது.
நேசையனின் பேஸில் இரண்டு கம்பிதான்.
மற்ற இரண்டும் எதுக்கு என்றான்.
சசிதரன் அடித்தது ஆசிட் கன்னாசையும் பால் வாளியையும்.
பாட்டுக்கு றோஸ்லெட். அவள் பாடமாட்டாள்,
விலை சொல்வாள்:

      சீட்டு கிலோ பதினேழு
      ஒட்டுப்பால் ஒன்பது
      ஈரம் கழிவு
      எடை குறைவு எடை குறைவு
      தராசைப் பார்க்காதே
      என்னைப் பார்

நான் பொத்தானை அமுக்கியவன்.
மஸ்கட் மாமாவின் டேப்ரெக்கார்டர்;
சிவப்பையும் அடுத்ததையும் சேர்த்து அமுக்க வேண்டும்.

மேடை ஒன்றே ஒன்று. எண்பத்தேழில்,
குலசேகரம் பக்கம் ஒரு கிளப் ஆண்டுவிழா,
மாறுவேடப் போட்டிக்கும் நாடகத்துக்கும் இடையில்.
இரண்டாம் நிமிடத்தில் மைக்செட்காரர் பியூஸைப் பிடுங்கினார்.
“எனக்க பாக்ஸ் கீறிப்போவும்லே.”
நியாயம்தான்.
பிறகு முப்பத்திரண்டு வருடம் மின்வாரியத்தில்
பியூஸ் போடுவதும் பிடுங்குவதும் என் பிழைப்பானது.

நாடாவில் பூசணம். மார்த்தாண்டம் முழுக்க
கேசட் ஓடும் பெட்டி ஒன்றுகூட இல்லை.
கிளாட்சனின் மருமகன் பெங்களூருக்குக் கொண்டுபோய்
கழுவி, காயவைத்து, போனில் அனுப்பினான்.
இதற்குப் பேர் போஸ்ட்-பங்க் மாமா, என்றான்.
இருக்கட்டும். நாங்கள் ‘அடி’ என்றோம்:
இண்ணு அடி உண்டா? உண்டு.

முதல் பாட்டு. இரண்டாவது.
நடுவே அழியாத பாடம் 3, ஒரு மூச்சு:
“...ஆகையால் பிள்ளைகளே...”
மூன்றாவதில் எல்லோரும் திடீரென ஓடுகிறார்கள்,
றோஸ்லெட் அணிலாகக் கீச்சிடுகிறாள்.
அன்று கரண்ட் குறைந்து நாடா தளர்ந்திருக்கிறது.
தளர்ந்து பதிந்தது, நேராக ஓட்டினால் துள்ளும்.
மருமகன் இதைப் புதுமை என்று நினைத்திருந்தான்.
நான் வோல்டேஜ் என்றேன். இரண்டும் இருக்கலாம்.

பி பக்கத்தில் ஒன்றும் கிடையாது.
கிடையாது என்றுதான் நான் சத்தியம் செய்திருப்பேன்.

தகரத்தில் மழை. கன்னாசு இல்லை, கிட்டார் இல்லை.
அந்த இரண்டு கம்பி.
அதன்மேல் றோஸ்லெட் எண்ணுகிறாள்,
பால்வெட்டும் அப்பன் விடியலில் எண்ணுகிற மாதிரி:
நாப்பத்தொண்ணு. நாப்பத்திரண்டு.
ஐம்பத்தேழு பட்டுப்போச்சு. ஐம்பத்தெட்டு.
இருநூற்றுப் பன்னிரண்டில் பேஸ் நிற்கிறது.
யாரோ இருமுகிறார்கள்.
அவள் நிறுத்தவில்லை.
இருநூற்றெண்பத்தாறு,
டக்.

அன்று நான் அங்கே இல்லை.
பொத்தானை அமுக்கியது நானில்லை.

நேசையன் தொண்ணூற்றொன்றிலேயே போனான், குழித்துறைப் பாலத்தில், பைக்.
றோஸ்லெட் கருங்கலில் இருக்கிறாள்,
ஓமானில் நர்ஸாக இருந்து திரும்பியவள்.
போனைக் காதருகே வைத்துப் போட்டுக் காட்டினேன்.
“அது நானில்ல” என்றாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
“எத்தன வரைக்கும் இருக்கு?”
இருநூற்றெண்பத்தாறு.
“மரம் முந்நூற்றி நாலு.
மிச்சத்த டேப்பு தீந்த பெறவு சொன்னேன்.
அவன் கேட்டான்.”

குக்கரை இறக்க வேண்டும் என்று போனாள்.
போனை வைக்கவில்லை.
அந்தப் பக்கம் ஒரு விசில். இன்னொன்று.